கூவத் தெரிந்த சேவல்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் தின்றவள்தான். இன்றைக்கும் அது வேகிற வாசனை வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஆனால் எனக்கு அந்தக் காலம் ஒரு சத்தமாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது. ஒரு சேவலின் கூவல். கெட்டியான, கூச்சநாச்சமில்லாத கூவல். போன இடத்தில் எங்கேயாவது விடியற்காலையில் ஒரு சேவல் கூவினால், கூட வந்தவர்கள் ஆகா என்று போர்வையை இழுத்துக்கொண்டு ரசிப்பார்கள். எனக்கு அது முடியாது. எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் வீடு மலாக்காவில் காஜா பெராங்கில் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, கொல்லையில் ஒரு பலாமரம், அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு விறகுக் கொட்டகை. வேலிக்கு அந்தப் பக்கம், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய சிட்டிகளின் வீடுகள். நெற்றியில் திருநீறு இருக்கும், பூஜை புனஸ்காரம் எல்லாம் நம்முடையதுதான், வாயைத் திறந்தால் மலாய். அப்பா ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறவர். ஜப்பான்காரன் வந்ததும் கப்பல் நின்றது, துணி நின்றது, அளக்க ஒன்றும் இல்லாமல் போனது. அப்பா வீட்டுக்கு வந்து கோழி வளர்க்க ஆரம்பித்தார். துணிக்கடைக்காரர் கோழி வளர்த்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இறக்கையை விரித்துத் தடவிப் பார்த்து, “நயம் சரக்கு” என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

முதலில் எங்களிடம் எல்லா விதமும் இருந்தன. சிவப்பு, வெள்ளை, புள்ளி போட்டது, கருப்பு. சேவல்களில் ஒன்று விடிவதற்குள் ஊரையே எழுப்பிவிடும். இன்னொன்று சளி பிடித்தவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி எப்போதாவது ஒரு சத்தம் போடும், அதோடு சரி. அம்மா “பா... பா... பா...” என்று கூப்பிட்டால் சில கோழிகள் விழுந்தடித்துக்கொண்டு காலடிக்கு வரும். சில தூரத்திலேயே நின்று யோசிக்கும். கருப்பி என்று ஒரு கோழி. அது கூட்டிலேயே அடையாது. சாயங்காலமானால் பலாமரத்தின் உச்சாணிக் கிளைக்குப் போய்விடும். அப்பா அதை உதவாக்கரை என்பார். என் செல்லம் ஒரு வெள்ளைக் கோழி. கூப்பிட்டால் ஓடி வந்து மடியில் ஏறும். அதைப் போல நல்ல கோழி மலாக்காவிலேயே கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தெருமுனையில் ஒரு பெரிய வீட்டை ஜப்பான் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கோழி என்றால் உயிர். எந்த வீட்டில் கோழி இருக்கிறது என்று யாரையும் விசாரிக்கவில்லை, சேவலே விலாசம் சொல்லிவிட்டது. விடியற்காலையில் எங்கே கூவுகிறதோ, வெயில் ஏறும்போது அங்கே வந்து நிற்பார்கள். எங்கள் ஊரெழுப்பிச் சேவல்தான் முதலில் போனது. அப்புறம் அவர்கள் இன்னொன்றும் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் கொல்லையில் “பா... பா... பா...” என்று ஆண்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு சிப்பாய் குந்தியிருக்கிறான், கையில் அரிசி. அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அம்மா மாதிரியே இழுத்துக் கூப்பிடுகிறான். என் வெள்ளைக் கோழி ஓடிப் போய் அவன் மடியில் ஏறியது. அதன் கழுத்தை அவன் திருகிய சத்தத்தை நான் கேட்டேன். கருப்பி மரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கருப்பியைக் கண்டாலே ஆகாது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கூவுகிறவை போயின, கூப்பிட்டால் வருகிறவை போயின, வெள்ளையாக இருந்தவை பச்சைப் புல்லில் பளிச்சென்று தெரிந்ததால் போயின. தாழக் கூட்டில் அடைந்தவற்றைக் கையை விட்டு அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது கருப்பியும், கருப்பியைப் போன்ற சிலவும், அந்தச் செருமல் சேவலும்தான். அவை முட்டையிட்டன, அடைகாத்தன, குஞ்சுகள் வந்தன. அந்தக் குஞ்சுகளிலும் ஏதாவது ஒன்று வாயாடியாகப் பிறந்தால் அது வளர்ந்து இரண்டு முறை கூவுவதற்குள் சிப்பாய்களின் அண்டாவுக்குப் போய்விடும். மற்றவை நின்றன. பார்த்துக்கொண்டே இருக்கும்போது எங்கள் கொல்லை கருப்பாகி, ஊமையாகி, மரத்தில் ஏறிவிட்டது. காஜா பெராங் முழுக்க அதே கதைதான். விடியற்காலை விடிகிற சத்தமே இல்லாமல் விடிந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கோழிகளுக்குத் தொண்டையில் ஏதோ நோய் என்றார் அப்பா. சாமி குற்றம் என்றாள் அம்மா. பெரிய கோழிகள் எல்லாம் சாயங்காலம் மரத்தில் கூடிப் பேசி, இனி வாயைத் திறக்கக்கூடாது என்று குஞ்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன என்பது என் முடிவு. பிற்பாடு நான் ஆசிரியையாகிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தபோது, பாடப் புத்தகத்தில் ‘இயற்கைத் தேர்வு’ என்று வந்தது. எனக்கு அந்தச் சொல்லைப் படித்ததும் கோபம்தான் வந்தது. தேர்வாம்! யாரோ உட்கார்ந்து சுளகில் புடைத்துப் பொறுக்கி எடுத்த மாதிரி. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. சிப்பாய்க்குப் பசித்தது, கண்ணில் பட்டதைப் பிடித்தான். படாதது முட்டையிட்டது. கதை அவ்வளவுதான். ஒரு கோழிகூடத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கூவின சேவல் கழுத்தில் கத்தி வைக்கிற வரைக்கும் கூவியது. கருப்பி முட்டைக்குள்ளிருந்து வந்த நாளிலிருந்தே கருப்பிதான். மாறியது கூட்டம். இத்தனை குறைந்த காலத்திலா இது நடக்கும் என்று பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். குஞ்சு வளர்ந்து முட்டையிட எத்தனை மாதம் என்று நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். ஆறே மாதம்தான் என்று பதிலையும் நானே சொன்னேன். போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். கலகலவென்று பேசுகிற ஆள். மாமா இருக்கிற இடம் இரண்டு வீடு தள்ளியே தெரியும் என்பாள் அம்மா. அந்த மனிதர் ஒருநாள் மத்தியானம் கொல்லை வழியாக, சட்டையெல்லாம் முள் கிழித்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்து நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னார்.

“பெரட்டுக்கு மணி அடிச்சான் அக்கா. அரிசி தர்றேன், எல்லாரும் வாங்கன்னான். போனவனயெல்லாம் அப்படியே லாரியில ஏத்திட்டான். சயாமுக்கு ரயில் ரோடு போடவாம்.”

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கக் கூப்பிடுவது. மணி அடித்தால் போய் வரிசையில் நிற்பதுதான் தோட்டத்து மக்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். மாமா மட்டும் அன்றைக்கு வயிற்றுவலியோடு ஆற்றோரம் குந்தியிருந்தாராம். மணிச் சத்தம் கேட்டும் போக முடியவில்லை. லாரி நகர்கிற சத்தம் கேட்டதும் காட்டுக்குள் ஓடிவிட்டார். இதைச் சொல்லிவிட்டு மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவள் கை மாமாவின் தோளை விடவே இல்லை. சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் யார் என்று அதற்குள் ஊர் பேச ஆரம்பித்திருந்தது.

விறகுக் கொட்டகையில் கட்டைகளை முன்னால் அடுக்கி, பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டார் அப்பா. மாமா பகலெல்லாம் அதற்குள்தான். விடியும் முன்பே அம்மா ஒரு தட்டில் கிழங்கைக் கொண்டுபோய்க் கட்டை இடுக்கில் வைப்பாள். யாரும் சத்தமாகப் பேசக்கூடாது, யார் கேட்டாலும் மாமா என்று ஒருவர் எனக்கு இல்லை. சிரிக்க வைக்கிற மாமாவை இல்லை என்று சொல்வது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. நான் கொட்டகைப் பக்கம் விளையாடுகிற மாதிரி போவேன். கட்டைகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வரும்.

“குட்டி, ஒங்க வீட்டுக் கோழிக்கெல்லாம் புத்தி வந்துருச்சு பாத்தியா? எனக்குத்தான் வாயி அடங்கமாட்டேங்குது.”

அம்மாவுக்கு இதெல்லாம் போதவில்லை. விறகுக் கட்டைகளை நம்புகிறவள் இல்லை அவள். தம்பியை ஜப்பான்காரன் கண்ணில் படாமல் காப்பாற்றினால் ஒரு சேவல் தருகிறேன் என்று முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டாள். அதையும் காரியம் முடிந்த பிறகு தருகிறேன் என்று விட்டிருக்கலாம். பூசாரி என்ன சொன்னாரோ, முன்கூட்டியே சேவலைக் கொண்டுவந்து வீட்டில் கட்டி, வெள்ளிக்கிழமை கொடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா பலாமரத்தைக் காட்டி, உனக்கு எது வேண்டுமோ ஏறிப் பிடித்துக்கொள் என்றார்.

“அதெல்லாம் சேவலா? கூவாத சேவல அறுத்தா என்னைய ஏமாத்துறியான்னு முனி கேக்கமாட்டாரா?”

எங்கள் வழக்கம் அப்படித்தான். சாமிக்குக் கொடுப்பது குறை இல்லாததாக இருக்க வேண்டும். சிவந்த உடம்பு, நிமிர்ந்த கொண்டை, கணீரென்ற குரல். அப்படி ஒரு சேவலுக்கு நாங்கள் காஜா பெராங்கில் எங்கே போவது? சாமி கேட்கிற லட்சணம் எதுவோ அதையேதான் சிப்பாயும் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் அப்பா, எடுத்து வைத்திருந்த நல்ல வேட்டி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தே போனார். தெங்கேராவையும் தாண்டி, கடலோரத்து மலாய்க் கிராமம் ஒன்றில், கம்பம் என்போம், அங்கே சிப்பாய்களின் நடமாட்டமே இல்லையாம். கோழிகள் பழையபடி எல்லா நிறத்திலும் எல்லாக் குரலிலும் இருந்தன என்று அப்பா வந்து ஆச்சரியமாகச் சொன்னார். வேட்டியைக் கொடுத்து ஒரு செஞ்சேவலைக் கூடையில் கொண்டுவந்திருந்தார்.

என்ன அழகு அது! கழுத்து நெருப்பாக மின்னியது. கூடையைத் திறந்ததும் எங்கள் கோழிகள் எல்லாம் சரசரவென்று மரத்துக்குப் போய்விட்டன. அது மட்டும் நடுக்கொல்லையில் நின்று எங்களை உரிமையோடு பார்த்தது. நான் தயங்கித் தயங்கி “பா... பா...” என்றேன். ஓடி வந்தது. என் வெள்ளைக் கோழியே திரும்பி வந்துவிட்ட மாதிரி அதை வாரி மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இதை அறுப்பார்கள் என்பதைக்கூட மறந்துவிட்டேன். மேலே சாக்குப் போட்டு இருட்டாக்கிவிட்டால் சேவல் கூவாது என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கூடையைக் கவிழ்த்து, மேலே தடித்த கோணிச்சாக்கைப் போட்டு மூடினார். அம்மா அதன் மேல் இன்னொன்றையும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள், வியாழன் விடியலில் அது கூவிவிட்டது.

ஐயோ, அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்? மாதக்கணக்கில் சேவல் கூவாத ஊரில், இரண்டு சாக்கையும் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு கூவல். அப்பா பாய்ந்து ஓடினார். அம்மா கூடையின் மேலேயே விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினாள். உள்ளேயிருந்து அது இன்னொரு தடவை கூவியது, இன்னும் ஆனந்தமாக. வேலிக்கு அப்பால் சிட்டி வீட்டு அம்மாள், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவள், தலையை நீட்டினாள். யார் வீட்டுச் சேவல் அது என்று மலாயில் கேட்டாள். கேட்டுவிட்டு எங்கள் கூடையைப் பார்த்தவள், தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு சன்னலைச் சாத்தினாள்.

அப்பா அந்த நிமிஷமே அதன் கழுத்தைத் திருகியிருக்கலாம். கையைக்கூடக் கொண்டுபோனார். சாமிக்கு நேர்ந்தது, தொட்டால் தம்பிக்கு ஆகாது என்று அம்மா கூடையை விட்டு நகரவில்லை. மாமாவை வேறெங்காவது அனுப்பலாமா என்று அப்பா பார்த்தார். பொழுது விடிந்துவிட்டது, தெருவில் ஆள் நடமாட்டம். எல்லாரும் அவரவர் இடத்தில் அப்படியே நின்றோம். வெயில் ஏறியது. பூட்ஸ் சத்தம் வந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். இளம்பிள்ளைகள்தான், சிரித்துக்கொண்டே வந்தார்கள். அப்பா இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். ஒருவன் சாக்குகளை எடுத்தான், கூடையைக் காலால் தள்ளினான். செஞ்சேவல் வெளியே வந்து சிலிர்த்துக்கொண்டது. பிடிக்கக் கையை நீட்டினான். அது துள்ளி ஓடியது. என் கண் தானாகவே பலாமரத்துக்குப் போனது. எங்கள் கோழிகள் எல்லாம் அங்கே இலையோடு இலையாக உட்கார்ந்திருந்தன. துரத்தினால் மரத்துக்குப் போக வேண்டும், அதுதானே கோழி? எங்கள் கோழி எதுவாக இருந்தாலும் அப்படித்தான் போயிருக்கும். இது தெங்கேராவுக்கு அப்பாலிருந்து வந்தது. துரத்தினால் வீட்டுக்குள் ஓடுகிற சாதி. கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இருட்டாக ஒரு பொந்து தெரிந்ததும், நேரே விறகுக் கொட்டகைக்குள் நுழைந்து கட்டைகளின் இடுக்கில் புகுந்துகொண்டது.

அம்மா கொட்டகைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சிப்பாய் சிரித்துக்கொண்டே கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தான். சேவலின் வாலைப் பிடித்து இழுத்தான். இழுத்தவன் அப்படியே நின்றான். சிரிப்பு நின்றது. கட்டைகளுக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார், மடியில் காலையில் அம்மா வைத்த தட்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிப்பாய் என்னவோ கத்தினான், மற்றவன் துப்பாக்கியோடு ஓடி வந்தான். அப்பா கும்பிட்ட கையோடு நடுவில் போனார், கன்னத்தில் அறை வாங்கிச் சேற்றில் விழுந்தார். மாமாவை இரண்டு பக்கமும் பிடிக்க அவர்களுக்கு நாலு கையும் வேண்டியிருந்தது. பிடித்திருந்த சேவலைக் கீழே விட்டுவிட்டார்கள்.

மாமா திமிறவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தார். நான் பயத்தில், சொல்லிக் கொடுத்தபடியே, அவரைத் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது, பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளையைப் பார்ப்பது போல. தெருமுனையில் லாரி கிளம்பிய சத்தம் கேட்டது.

கொல்லையில் கட்டைகள் சிதறிக் கிடந்தன. நடுவில் அந்தச் செஞ்சேவல் வாலை உதறிக்கொண்டு, கவிழ்ந்த தட்டிலிருந்து சிந்திய கிழங்கைக் கொத்திக்கொண்டிருந்தது.

மாமா திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்தச் சேவலை அம்மா முனியாண்டிக்குக் கொடுக்கவில்லை, நேர்ந்தது என்பதால் வீட்டிலும் அறுக்கவிடவில்லை. அது எப்படியோ தப்பிக்கொண்டே இருந்தது. அந்தச் சிப்பாய்கள் மாறிப் போனார்கள், வந்தவர்களுக்குக் கோழியை விட வேறு கவலைகள் இருந்தன. சண்டை முடிந்தது. கருப்பியின் பேத்திகளோடு அது சேர்ந்து வந்த குஞ்சுகளில் சில கருப்பு, சில சிவப்பு, சில கூவின, சில செருமின. கூவினவற்றைப் பிடித்துத் தின்ன இப்போது யாரும் இல்லை. அவையும் வளர்ந்து குஞ்சு பொரித்தன. கொஞ்ச காலத்தில் எங்கள் கொல்லை பழையபடி ஊரைக் கூட்டியது. நான் கைகொட்டிக் குதிப்பேன். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். வயதானால் சத்தம் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது.

கருப்பிக் கோழிகளின் கதையை வகுப்பில் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். செஞ்சேவல் வருகிற இடத்துக்கு முன்னால் மணி அடித்துவிடும், அல்லது அடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு நான் வெளியே வந்துவிடுவேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாமாவைக் கொண்டுபோனதற்கு மறுநாள் விடியற்காலை. அந்தச் சேவல் கூவியது, முந்தின நாள் போலவே. அம்மா படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தாள். ஒரு கையால் சாக்கை வாரிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். சேவலுக்குப் பக்கத்தில் போய், சாக்கை விரித்துப் பிடித்தவள், அப்படியே நின்றுவிட்டாள். காலியாகக் கிடந்த கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். சேவல் இன்னொரு தடவை கூவியது. அம்மா சாக்கை மெதுவாக மடித்து, மரத்தடியில் வைத்துவிட்டு, அதைக் கூவ விட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவுக்கு அதன் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.